தானாகப் பற்றிக்கொள்ளும் நேரம்

ஜூன் 3, செவ்வாய்

இன்று வேலையில் சேர்ந்தேன். பதவி: நகராட்சியில் கள உதவியாளர், தற்காலிகம். சாயத் தொழிற்சாலை ஆய்வகத்தை மூடிய பிறகு பதினான்கு மாதம் வீட்டில் சும்மா இருந்தாயிற்று. இனி ஒவ்வொரு நாளும் நடந்ததை எழுதி வைப்பது என்று முடிவு. என் கையெழுத்து நன்றாக இருப்பதாக இன்றும் ஒருவர் சொன்னார்.

பணியிடம் கருவேலம்பாக்கம் கூட்டுரோடு. நான்கு சாலைகள் சேரும் இடம். பேருந்து, கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ எல்லாம் அங்கேதான் திரும்பும். அதற்குக் கிழக்கே குப்பை மேடு. குப்பை மேட்டுக்கும் கிழக்கே எங்கள் ஐந்தாவது தெரு. வீட்டிலிருந்து நடந்தே பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடலாம். இவ்வளவு வசதியான வேலை எனக்கு வாய்த்ததே இல்லை.

கருவி ஆளுயர இரும்புப் பெட்டி. தலையில் குல்லாய் மாதிரி ஒரு மூடி. அதன் வழியாகக் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள தூசியை எடை போட்டுப் பத்து நிமிடத்துக்கு ஒரு எண் சொல்கிறது. அந்த எண் மேலே பெரிய போர்டில் ஒளிரும். நூறுக்குள் என்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு. முதல் எண்: 318.

பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஷம்ஷாத் அக்கா வெளியே வந்து பார்த்தார். "இன்னா மேடம் அது, டிரெயின் நம்பரா?"

"காத்துல இருக்கற தூசி. இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு."

"இருவது வருசமா இங்கதான் கடை போட்டிருக்கேன். எனக்குத் தெரியாம எப்ப ஏறுச்சு?" என்று கேட்டுவிட்டு டீ ஆற்றப் போய்விட்டார்.

வீட்டில் என் கணவருக்கு லேசான இருமல். ஐஸ் தண்ணீர் குடித்திருப்பார்.

ஜூன் 5, வியாழன்

எண் 327. சிவப்பு.

எதிரே உள்ள அடுக்குமாடி சங்கத் தலைவர் வந்தார். "போர்டு வெக்கறதுக்கு முன்னாடி எங்க பில்டிங்ல ஒருத்தர்கூட இருமினதில்ல மேடம். இப்ப பால்கனிக்கு வந்து நம்பரைப் பாக்கறாங்க, உடனே இருமறாங்க. ஃபிளாட் வாங்க வந்தவங்க காரை விட்டே இறங்கல." போர்டைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார். அப்படி ஒரு விதி இல்லை என்றேன். எழுத்துமூலம் கேட்பதாகச் சொல்லிவிட்டு, போகும்போது ஒருமுறை எண்ணைப் பார்த்து இருமினார்.

ஜூன் 9, திங்கள்

உதவிப் பொறியாளர் கோதண்டபாணி சார் முதல்முறையாகக் கூட்டுரோட்டுக்கு வந்தார். ஜீப் கண்ணாடியை இறக்காமலே பத்து நிமிடம் போர்டைப் பார்த்தார். பிறகு இறங்கினார். நல்ல மனிதர். யாரையும் ஒருமையில் பேசுவதில்லை.

ஜூலை 9 அன்று ஒரு குழு வருகிறதாம். நாளை முதல் முப்பது நாள் சராசரி நூறுக்குள் இருந்தால் நகரத்துக்குச் சுத்தக் காற்றுச் சான்றிதழ் கிடைக்கும். கிடைத்தால் என் வேலையும் நிரந்தரம் ஆகும்.

"ஒரே நாள்ல ஊர்த் தூசியை எப்படி சார் குறைக்கறது?" என்று கேட்டேன்.

"ஊர்ல எதுக்கும்மா குறைக்கணும்? மிஷின் கிட்ட குறைச்சாப் போதுமே."

யோசித்துப் பார்த்தால், கருவி அளப்பது அதன் பக்கத்தில் உள்ள காற்றைத்தான். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

காலையிலேயே தண்ணீர் லாரி வந்து கருவியைச் சுற்றி இருபது அடிக்கு நனைத்தது. மதியத்துக்குள் நர்சரியிலிருந்து தொண்ணூற்றாறு செடித் தொட்டிகள் வந்து இறங்கின. குரோட்டன்ஸ் அதிகம். சாலையில் தடுப்பு போட்டு வண்டிகளைச் சுற்று வழியில் திருப்பிவிட்டார்கள். காய்ச்சலில் உள்ளவர் வீட்டில் நடப்பதுபோல எல்லோரும் அந்தப் பெட்டியைச் சுற்றி மெதுவாக நடந்தார்கள்.

எண் 141. இன்னும் சிவப்புதான்.

ஜூன் 11, புதன்

128. மிச்சமிருப்பது குப்பை மேட்டுப் புகை.

சார் என்னைக் குப்பை மேட்டுக்கு அழைத்துப் போய்க் காவலாளி தணிகாசலத்தை அறிமுகம் செய்துவைத்தார். ஒல்லியான ஆள், காதில் பீடி.

"இங்கே எரிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

சார் முந்திக்கொண்டார். "எரிக்கறதெல்லாம் கிடையாதும்மா. அது சட்ட விரோதம். தானா பத்திக்கும்."

"ஆமா மேடம், தானாத்தான் பத்திக்கும்" என்றார் தணிகாசலம். "பத்திக்காம வுட்டாலும் தொல்லை. எரிஞ்சி அமுங்கினாத்தான் நாளைக்கு வர லாரிக்கு எடம். ரெண்டு நாள் எரியலைன்னு வெச்சிக்க, லாரி பூரா கூட்டுரோடு வரைக்கும் லைன் கட்டிடும்."

லாரிகள் கூட்டுரோட்டில் நின்றால் எண் ஏறும். புகை கருவிப் பக்கம் வந்தாலும் எண் ஏறும். சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "தானா பத்திக்கறதுக்கு ஒரு நேரம் ஒதுக்கிட்டா?" என்றார்.

இந்தப் பருவத்தில் காலையில் காற்று கிழக்கே போகும். மூன்று மணிக்கு மேல் கடற்காற்று திரும்பி மேற்கே, கருவிப் பக்கம் வீசும். ஆகவே காலை 9 முதல் 12 வரை தானாகப் பற்றிக்கொள்ளும் நேரம். கருவிப் பெட்டிக்கு மேல் ஒரு கொடி கட்டியிருக்கிறார்கள். அது கிழக்கே பறந்தால் நான் தணிகாசலத்துக்குப் போன் செய்ய வேண்டும்.

இதற்கென ஒரு பதிவேடு போட்டேன். தேதி, நேரம், காற்று செல்லும் திசை, அனுமதி, கையொப்பம். கோடுகள் நேராக விழுந்தன.

ஜூன் 12, வியாழன்

9.10க்கு முதல் போன். கொஞ்ச நேரத்தில் தணிகாசலமே திரும்பக் கூப்பிட்டார்.

"மேடம், பொகை பூரா அஞ்சாவது தெரு பக்கமா போவுதே. பரவால்லியா?"

"அங்கே கருவி எதுவும் இல்லை" என்றேன்.

"அதுவும் கரெக்ட்தான்" என்றார்.

பதினோரு மணிக்கு எண் 88. பச்சை. ஷம்ஷாத் அக்கா எனக்கு இஞ்சி டீ கொடுத்து, "உங்க புள்ள பாஸாயிட்டான்" என்றார். சார் போனில் வாழ்த்தினார்.

வீட்டில் அவருக்கு நல்ல இருமல். வீட்டு முன்னறையில் ஜெராக்ஸ் கடை என்பதால் நாள் முழுக்க அந்த மிஷின் பக்கத்திலேயே இருக்கிறார். புதிதாக வந்த டோனர் தூள் மட்டம் போலிருக்கிறது. மாற்றச் சொன்னேன்.

ஜூன் 14, சனி

85. பச்சை. டோனர் மாற்றியும் இருமல் நிற்கவில்லை. மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

91. பச்சை. தலையணை உறைகளை வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

எதிர்பாராத பிரச்சினை. கருவியைச் சுற்றி இப்போது ஈரம், செடி. வண்டி கிடையாது, புகை கிடையாது. கருவேலம்பாக்கத்தில் மூச்சு விடுவதற்கு ஏற்ற இடம் இது ஒன்றுதான் என்பதை ஜனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

முதலில் இரண்டு பெரியவர்கள் நாற்காலியோடு வந்தார்கள். பிறகு அடுக்குமாடி ஆட்கள் பாய் கொண்டுவந்து விரித்து மூச்சுப் பயிற்சி செய்தார்கள். இன்று ஒரு கல்யாணத் தரகர் இரண்டு வீட்டாரையும் இங்கேயே உட்காரவைத்துப் பேசினார். பெண்ணின் அப்பா மட்டும் அடிக்கடி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆள் கூடினால் கால் தூசி கிளம்புகிறது. 97. சாருக்குத் தெரிவித்தேன்.

ஜூன் 23, திங்கள்

கம்பி வேலி போட்டாயிற்று. உள்ளே நானும் கருவியும் மட்டும். கூட்டம் வேலிக்கு வெளியே நின்று மூக்கைக் கம்பிக்குள் நீட்டிக்கொண்டு சத்தம் போட்டதால், சார் ஒரு ஏற்பாடு செய்தார். அதற்குக் கருவி வளாகப் பார்வையாளர் சீட்டு என்று பெயர். ஜனங்கள் மூச்சுச் சீட்டு என்கிறார்கள்.

விதிகளை நானே எழுதி மாட்டினேன். ஒரு நேரத்தில் நால்வர். அரை மணி நேரம். கால் கழுவிவிட்டு வர வேண்டும். கருவியின் முகத்துக்கு நேரே மூச்சு விடக்கூடாது. இருமல் உள்ளவர்களுக்கு அனுமதி இல்லை.

விண்ணப்பப் படிவத்தை நகல் எடுக்க நம் கடைக்கே கொடுத்தேன். ஐந்நூறு பிரதி. அவர் ஒவ்வொன்றாக அடுக்கும்போது நின்று நின்று இருமினார்.

ஜூன் 25, புதன்

வரிசையில் பதினேழாவது ஆளாக அவர் நின்றார். எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பின்னால் ஆட்கள் இருந்ததால் முறைப்படி கேட்டேன். "பெயர்?"

"செண்பா, உனக்குத் தெரியாதா?"

"படிவத்துல எழுதணும்."

"இன்பசேகரன்."

"வயது?"

"உன்னைவிட ஆறு கூட."

"இருமல் உண்டா?"

அவர் முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. தொண்டையில் வந்ததை அப்படியே விழுங்கினார். "இல்லீங்க மேடம்."

இல்லை என்று எழுதிச் சீட்டு கொடுத்தேன். செடித் தொட்டிகளுக்கு நடுவே, கருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் ஒரு தடவைகூட இருமவில்லை. படிவத்தில் உள்ளது உண்மையாகிவிட்டது. நேரம் முடிந்ததும் எழுந்து வேலிப் பக்கம் வந்து, "நல்லா இருக்கு செண்பா. உன் ஆபீஸ்" என்றார்.

எண் 84.

ஜூன் 27, வெள்ளி

அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா மார்பில் வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுக்குப் பக்கத்துல எதாவது எரிக்கறாங்களா?" என்றார்.

"எரிப்பதில்லை" என்றேன். அதுதான் உண்மை. பதிவேட்டில் அப்படி ஒரு சொல்லே கிடையாது.

வாயில் வைத்து உறிஞ்சும் மருந்து எழுதிக் கொடுத்தார். வெளியே வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். இது சளி பரவும் பருவம்.

ஜூன் 30, திங்கள்

சராசரி இறங்கிக்கொண்டே வருகிறது. சார் பால்கோவா கொண்டுவந்தார். கருவியின் முன் ஒரு துண்டு வைத்துவிட்டுத்தான் எனக்குக் கொடுத்தார். நிரந்தரப் பட்டியலில் என் பெயர் முதலில் இருக்கிறதாம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "முத்து முத்தா இருக்கும்மா. குழுவுக்கு இதையே காட்டலாம்" என்றார். அப்புறம் நினைத்துக்கொண்டு, "இல்ல, இத காட்டக்கூடாது" என்றார்.

ஜூலை 2, புதன்

சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டேன். 9.10க்குப் போன் செய்துவிட்டு, எடுத்து வர வீட்டுக்கு நடந்தேன்.

தெரு முனையில் திரும்பியதும் எங்கள் வீடு தெரியவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த புடவைகள் மட்டும் அங்கங்கே தெரிந்தன. பிளாஸ்டிக் நாற்றம். அவர் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, கீழே இடுக்கில் ஈரத் துண்டைத் திணித்துக்கொண்டிருந்தார். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"நீயா? உள்ள வா, உள்ள வா" என்றார். "தெனமும் ஒம்பதேகாலுக்கு வந்துடும். உன்ன மாதிரியே. ஒரு நாள் லீவு கிடையாது."

டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

இன்று எண் 79. இதுவரை வந்ததில் இதுவே குறைவு.

ஜூலை 3, வியாழன்

எழுத எதுவும் இல்லை.

ஜூலை 5, சனி

9.10க்குப் பதில் 9.40க்குப் போன் செய்தேன்.

நேரத்தை மாற்ற முடியுமா என்று சாரிடம் கேட்டேன். "காத்து வேற பக்கம் அடிக்கறப்ப பாத்துக்கலாமே சார்."

"காத்து நம்ம ஆபீஸ்ல வேல பாக்கலையேம்மா" என்றார். "இன்னும் நாலே நாள். அதுக்கப்பறம் எப்படியோ போகட்டும். ஏன், வீட்ல எதாவது பிரச்சினையா?"

ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

9.40க்குப் போன் செய்தேன். 10.05க்குப் பக்கத்து வீட்டு விமலா அழைத்தாள். "அக்கா, அண்ணனுக்கு மூச்சே வரல. ஆட்டோல ஏத்திட்டோம்."

அவர்கள் கூட்டுரோடு வழியாக வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு அதுதான் நேர் வழி. தடுப்பில் நின்ற காவலர் ஆட்டோவை நிறுத்தி, சுற்று வழியைக் கை காட்டினார். மிஷின் இருப்பதால் இந்த வழியில் வண்டி போகக்கூடாது என்றார். அது நான் வேலிக்குள்ளிருந்து பார்க்கும் தூரத்தில் நடந்தது. அவர் தலை ஆட்டோவின் பக்கக் கம்பியில் சாய்ந்திருந்தது. தோள் மட்டும் மேலும் கீழும் போயிற்று.

நான் ஓடிப்போய்த் தடுப்பைத் தூக்கினேன். காவலர், "மேடம், நீங்களே..." என்றார். ஆட்டோவைக் கருவிக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொல்லி, அவரை இறக்கித் தொட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து, மருந்தை உறிஞ்சக் கொடுத்தேன். படிவம் இல்லை. கால் கழுவவில்லை. கருவியின் முகத்துக்கு நேரே மூச்சு விட்டார். விட்டதே போதும் என்று இருந்தது. ஷம்ஷாத் அக்கா வேலியைத் தாண்டி வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். ஆட்டோ புகையில் போர்டு 104க்குப் போய்ச் சிவந்தது.

மூச்சு கொஞ்சம் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் தணிகாசலத்துக்குப் போன் செய்து அணைக்கச் சொன்னேன். "தானா பத்தினத எப்டி மேடம் அணைக்கறது?" என்றார். பிறகு என் குரலைக் கேட்டு, "சரி சரி, மண்ணள்ளிப் போடறேன்" என்றார்.

அவருடைய இருமலுக்கு ஐஸ் தண்ணீர் காரணம் இல்லை. டோனர் காரணம் இல்லை. மிளகாய், தலையணை எதுவும் இல்லை. புகை. நான் போன் செய்ததால் வந்த புகை. எழுதிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

குழு பதினொன்றுக்கு வருவதாக இருந்தது. கொடி கிழக்கே பறந்தது. நான் போன் செய்யவில்லை.

நேற்றே பாதியில் அணைத்தாயிற்று, இன்றும் எரியவில்லை, அதனால் மேட்டில் இடமில்லை. பத்து மணிக்குக் குப்பை லாரிகளின் வரிசை கூட்டுரோட்டைத் தொட்டது. இன்ஜினை யாரும் நிறுத்தவில்லை. 150. 210. பதினொன்றுக்கு வரிசை கூட்டுரோட்டைத் தாண்டிப் போய்விட்டது. 290.

கோதண்டபாணி சார் ஓடி வந்தார். சட்டை முழுக்க வியர்வை. "என்னம்மா, ஏன் பத்திக்கல?"

"தெரியல சார்."

"தணிகாசலத்துக்குச் சொன்னீங்களா இல்லையா?"

"சொல்லல சார். தானாத்தானே பத்தணும்?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "தானாத்தான் பத்தணும்" என்றார் கடைசியில். "ஆனா நேரத்துக்குப் பத்தணும்."

குழுவின் கார்கள் குப்பை லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தன. மூன்று பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அப்போது எண் 371. தலைவராக இருந்த அம்மாள், தொட்டிகளையும் வேலியையும் இருமல் விதியையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் எண்பது, தொண்ணூறு. இன்னிக்கு இப்படி. அப்ப தினமும் இந்தக் குப்பையெல்லாம் எங்கே போச்சு?"

சார் என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்தார்.

"புகையா எங்க வீட்டுக்கு, மேடம்" என்றேன்.

பதிவேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். படித்து முடித்து, "கையெழுத்து ரொம்ப நல்லா இருக்கு" என்றார். எனக்கு முதல்முறையாக அதைக் கேட்கக் கூசியது.

ஜூலை 10, வியாழன்

அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். கஞ்சி குடித்த பிறகு சொன்னேன். கொடி, போன், பதிவேடு, எல்லாம்.

"எத்தன நாள்?" என்றார்.

"இருபத்திமூணு. ஞாயித்துக்கிழம போக."

"அன்னிக்கு டப்பா எடுக்க வந்தியே. அதுக்கப்பறமுமா?"

"ஆமா."

"எவ்வளவு நாள்?"

"அஞ்சு."

அவர் எழுந்து கடைக்குள் போய் ஜெராக்ஸ் மிஷினை உறை போட்டு மூடினார். பிறகு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். "வேற யாராவது அந்த போனைப் பண்ணியிருந்தா, நீ அவங்கள சும்மா விட்டிருப்பியா செண்பா?"

ராத்திரி அவர் சாப்பிடக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. விமலா கொண்டுவந்து கொடுத்த இட்லி அப்படியே இருந்தது.

ஜூலை 14, திங்கள்

ஆணை வந்தது. மூன்று முறை படித்தேன்.

ஒன்று: ஜூலை 9ஐயும் சேர்த்து முப்பது நாள் சராசரி 96. ஆகவே நகரத்துக்குச் சான்றிதழ் உண்டு. இரண்டு: ஐந்தாவது தெரு மக்களின் நலன் கருதி, கருவியை அங்கேயே மாற்றி வைக்கக் குழு பரிந்துரைக்கிறது. மூன்று: மாடி உள்ள வீடு என்பதால் எங்கள் வீட்டு மொட்டை மாடி தேர்வாகியிருக்கிறது. நான்கு: பதிவேட்டைச் சிறப்பாகப் பராமரித்ததால் நானே தொடர வேண்டும்.

சார் நேரில் வந்தார். என்மேல் கோபம் இல்லை என்றார். அவர் முகத்திலும் இல்லை. "எல்லாருக்கும் நல்லதா முடிஞ்சுதும்மா. இனிமே காலைல பத்திக்காது. மூணு மணிக்கு மேல காத்து மேற்கே திரும்பினதும் பத்திக்கும். உங்க பக்கம் துளி புகை வராது."

"மேற்கே கூட்டுரோடு இருக்கே சார்."

"அங்கதான் இனிமே மிஷின் இல்லையே" என்றார்.

நான் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். அவரே போன் செய்துகொள்வதாகச் சொன்னார்.

ஜூலை 18, வெள்ளி

எங்கள் தெருவில் தண்ணீர் லாரி காலையும் மாலையும் நனைக்கிறது. வாசலில் தொண்ணூற்றாறு தொட்டிகள். லாரிகள் எங்கள் தெருப் பக்கம் வரக்கூடாது என்று பலகை. மாடியில் போர்டு 71 என்று பச்சையாக எரிகிறது. தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். விமலா கொத்தமல்லித் துவையல் கொண்டுவந்தாள். அவர் இரண்டு நாளாக மருந்தைத் தொடவில்லை. விடுப்பை நீட்டிக் கேட்டேன். சார் கொடுத்தார்.

மாலை ஷம்ஷாத் அக்கா மருந்துச் சீட்டை நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். துப்பட்டாவால் வாயைப் பொத்தியிருந்தார்.

"நாலு நாளா தொண்டை எரியுது மேடம். சாயங்காலம் ஆனா கடைல ஒருத்தர் நிக்க மாட்டேங்கறாங்க. எண்ணெய்ய மாத்தினேன், அடுப்ப மாத்தினேன். எதனாலன்னே தெரியல."

அவர் நகலை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அக்கா போகும் வரை வாசலையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். தெரு முனையில் அக்காவைப் பிடித்து, எதனால் என்று சொன்னேன்.

அவர் என் கையை உதறினார். "அப்ப அந்த மிஷின சாமியாட்டம் உக்கார வெச்சி அதுக்குப் பால்கோவா வேற கொடுத்தீங்களே" என்றார். என்னைத் தாண்டி வேகமாக நடந்தார்.

ஜூலை 21, திங்கள்

மறுபடி பணியில் சேர்ந்தேன். மொட்டை மாடிதான் அலுவலகம்.

பதிவேட்டில் ஒரு புதிய கட்டம் சேர்த்தேன். அளவுகோல் வைத்துச் சரியாகக் கோடு போட்டேன். தலைப்பு: அந்தப் பக்கம் இருப்பவர்கள். அனுமதிக்கும் கையொப்பத்துக்கும் நடுவில் வருகிறது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் மட்டுமே அனுமதி என்று கீழே குறிப்பு எழுதினேன்.

காலை முழுக்க நடந்தேன். அவரும் கூட வந்தார். பத்து அடிக்கு ஒருமுறை நின்றாலும், வீட்டுக்குத் திரும்பச் சொன்னால் கேட்கவில்லை. வீடு வீடாகப் பெயர் கேட்டு எழுதினோம். கிழக்கே: இன்பசேகரன், விமலா, இன்னும் நூற்று நாற்பத்தெட்டுப் பேர். மேற்கே: ஷம்ஷாத் பேகம், அடுக்குமாடி சங்கத் தலைவர், அவர் மனைவி, தடுப்புக் காவலர். சங்கத் தலைவர் தன் பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போடச் சொன்னார். அக்கா பெயரைச் சொல்லிவிட்டு, டீ கொடுத்தார். சர்க்கரை போடவில்லை. வடக்கே லாரி ஷெட், ஆட்கள் முப்பத்தொன்று. தெற்கே ஒரு பள்ளிக்கூடம். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, தாள் ஒட்டினேன்.

மூன்று மணிக்குக் கடற்காற்று திரும்பியது. கொடி மேற்கே. தணிகாசலம் போன் செய்தார்.

"மேடம், ஆரம்பிக்கட்டா? சார் ரெண்டு தபா கேட்டுட்டாரு."

"மேற்கே ஆள் இருக்காங்க. அனுமதி இல்ல."

"அப்ப வேற பக்கம் காத்து திரும்பறப்ப?"

"நாலு பக்கமும் பாத்துட்டேன். ஆள் இருக்காங்க."

"சில நாள் காத்தே இருக்காது மேடம். பொகை நட்டுக்க மேல போவும். எந்தப் பக்கமும் போவாது. அப்ப?"

காற்று இல்லாத நாளுக்கு ஒரு வரிசை போட்டேன், அதில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. நான் பேனாவை வைத்துக்கொண்டு பார்த்தேன். போனில் அவர் இருமுவது கேட்டது. அடியிலிருந்து வந்த இருமல். முடிய வெகுநேரம் ஆயிற்று.

"எவ்வளவு நாளா இது?" என்றேன்.

"இதுவா? இது நான் வேலைக்கிச் சேந்ததுலேருந்து. பதினோரு வருசம்."

"உங்க அப்பா பேரு என்ன?"

"எதுக்கு மேடம்?"

"எழுதணும்."

சொன்னார். காற்று இல்லாத நாள் என்ற வரிசையில் எழுதினேன்: க. தணிகாசலம், காவலாளி, இருமல் உண்டு.